சமையலறையை முழுமையாகப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? சேலம், ஏற்காடு வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

சேலத்தில் 1980களிலும் 1990களிலும் கட்டிய பல வீடுகளில் கடப்பா கல் மேடை, சுவரில் பதித்த கடப்பா அடுக்குகள், ஒரே ஒரு பிளக் பாயின்ட், மூலையில் ஒரு சிமென்ட் தொட்டி என்ற அமைப்பே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதை முழுவதும் பிரித்துவிட்டுப் புதிதாகச் செய்ய நினைக்கும் குடும்பங்கள் செலவைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பொருளையும் கூலியையும் சேர்த்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கையில் இருக்கும் தொகையை முடிவு செய்துவிட்டு வேலையைத் தொடங்கலாமா?

தொகைக்கு முன்னால் அளவு தெரிய வேண்டும். அளவு எழுதிய தாள் கையில் இல்லாமல் மூன்று பேரிடம் விலை கேட்டால் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கான விலைகள்தான் கிடைக்கும். அவற்றை ஒப்பிட முடியாது. ஒருவர் பரணையும் சேர்த்துச் சொல்லியிருப்பார், இன்னொருவர் சிங்க்கைச் சேர்த்திருக்க மாட்டார், மூன்றாமவர் இடிப்பதையும் குப்பையை அள்ளுவதையும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று மனதில் வைத்துக்கொண்டு குறைவாகச் சொல்லியிருப்பார். ஆகவே முதலில் ஒரு நாள் ஒதுக்கி, சுவர்களின் நீளம், உயரம், ஜன்னல், கதவு, இப்போதுள்ள தண்ணீர்க் குழாய், கழிவு நீர் வெளியேறும் இடம், பிளக் பாயின்ட்டுகள் ஆகிய அனைத்தையும் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதே தாளை எல்லோரிடமும் கொடுத்து விலை கேளுங்கள்.

பத்துக்கு எட்டு அடி சமையலறைக்கு எவ்வளவு பொருள் தேவைப்படும்?

அடுத்தடுத்த இரண்டு சுவர்களை ஒட்டி ‘எல்’ வடிவில் மேடை அமைவதாக வைத்துக்கொள்வோம். மேடையின் அகலம் 2 அடி என்றால் ஒரு பக்கம் 10 அடியும், மூலையைக் கழித்து மறுபக்கம் 6 அடியும் சேர்த்து 32 சதுர அடி கிரானைட் வேண்டும். சிங்க்குக்காகவும் அடுப்புக்காகவும் வெட்டி எடுக்கும் பகுதிக்கும் நீங்கள் விலை கொடுத்தாக வேண்டும் என்பதால், சேதாரத்தோடு 36 சதுர அடி என்று எடுத்துக்கொள்வது நல்லது.

தரை 80 சதுர அடி. பத்து சதவீதம் சேதாரம் சேர்த்தால் 88. இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி ஏறத்தாழ 15.5 சதுர அடியை மூடும் என்பதால் 6 பெட்டிகள் வேண்டும். சுவருக்கு, மேடை மட்டத்திலிருந்து 7 அடி உயரம் வரை 18 அடி நீளத்துக்கு ஒட்டினால், 4க்கு 3 அடி ஜன்னலைக் கழித்தபின் சுமார் 65 சதுர அடியும் சேதாரத்தோடு 71 சதுர அடியும் வரும். ஒன்றுக்கு இரண்டு அடி டைல்ஸ் ஐந்து கொண்ட பெட்டிகளில் 8 வாங்க வேண்டும். வேலை முடிந்தபின் மிஞ்சுகிற டைல்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒரு குழாயைச் சரிசெய்யச் சுவரை உடைத்தால் அதே நிறத்தில், அதே தொகுப்பில் டைல்ஸ் மறுபடி கிடைப்பது அரிது.

மர வேலையின் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேடைக்குக் கீழே வரும் அலமாரியைச் சுவரோரமாக அளந்தால் 18 அடி. கதவுகள் வருகிற முன்பக்கத்தில் அளந்தால் 14 அடி. மூலையை இரண்டு முறை எண்ணுவதால் வரும் வித்தியாசம் இது. இரண்டரை அடி உயரத்துக்கு முன்பக்க அளவு 35 சதுர அடியாகவும், சுவரோர அளவு 45 சதுர அடியாகவும் ஆகிறது. சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்று பேசியிருந்தால் அந்தப் பத்து சதுர அடி 15,000 ரூபாய். எந்தப் பக்கத்தில் அளப்பார்கள், நீளத்தை மட்டும் எண்ணும் ரன்னிங் அடிக் கணக்கா, சதுர அடிக் கணக்கா என்பதை விலை பேசுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சரி, மொத்தம் எவ்வளவு?

கீழே வரும் தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதியில் கேட்டறிந்த விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன அதே சமையலறைக்கு, இடிப்பு, கொத்து வேலை, பூச்சு, சிமென்ட், மணல், குப்பை அகற்றுதல் ஆகியவற்றுக்கு 45,000 ரூபாய், தண்ணீர்க் குழாய்க்கும் வயரிங்குக்கும் பொருளும் கூலியுமாக 50,000, டைல்ஸ், கிரானைட் இரண்டுக்கும் ஒட்டும் கூலியோடு 40,000, கீழ் அலமாரி 35 சதுர அடியும் மேல் அலமாரி 24 சதுர அடியும் இழுப்பறைச் சேனல், கம்பிக் கூடைகளோடு 1,15,000, சிங்க், குழாய்கள், அடுப்பு, சிம்னிக்கு 50,000, பெயின்டுக்கு 12,000. கூட்டினால் 3,12,000 ரூபாய். இதன்மேல் எதிர்பாராத செலவுக்குப் பதினைந்து சதவீதம், அதாவது 46,800 ரூபாய் ஒதுக்கினால் 3,58,800 ஆகிறது.

அந்தப் பதினைந்து சதவீதத்தை ஆடம்பரமாக நினைத்துக் கடைசியில் வெட்டிவிடாதீர்கள். பழைய சுவரை உடைத்த பிறகுதான் துருப்பிடித்த இரும்புக் குழாயும், பூச்சுக்குள் ஊறிக்கிடக்கும் ஈரமும், கரையான் அரித்த ஜன்னல் நிலையும் தெரியவரும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய வீடென்றால் இருபது சதவீதம் ஒதுக்குவதே நிம்மதி.

பணம் போதாவிட்டால் எதைக் குறைக்கலாம்? எதைக் குறைக்கவே கூடாது?

சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் மறைந்துவிடுகிற எதிலும் குறைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. குழாய், வயர், கழிவு நீர்ப் பாதை, சிங்க்குக்கு அடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு, அலமாரியின் உட்கூடு ஆகியவை ஒருமுறை மூடப்பட்டால் மறுபடி திறப்பதற்குப் புதிய டைல்ஸையும் மேடையையும் உடைத்தாக வேண்டும். சிம்னி, மேல் அலமாரி, கதவுகளின் மினுமினுப்பு, இழுப்பறைக் கூடைகள் ஆகியவற்றை அடுத்த ஆண்டு போனஸ் வந்தபிறகுகூட வாங்கிப் பொருத்தலாம். ஆனால் சிம்னி பின்னால் வரும் என்றால் அதற்கான பிளக் பாயின்ட்டையும், புகைக்குழாய் வெளியேற 6 அங்குலத் துளையையும் இப்போதே விட்டுவிட வேண்டும்.

கண்காட்சிக் கூடத்தில் பார்த்த பளபளப்பான கதவில் மனம் லயித்து, பட்ஜெட்டில் பாதியை அதற்கே கொடுத்துவிட்டு, கடைசியில் பழைய குழாயோடும் பழைய வயரோடும் சமரசம் செய்துகொள்ளும் குடும்பங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் முதல் கசிவு தொடங்கும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. செலவுக் கணக்கில் இது எப்படி வரும்?

சேலத்துப் பாறை நிலத்தில் பெரும்பாலான ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடினமானது. குழாய் முனைகளிலும் சிங்க்கிலும் வெள்ளைப் படிவு படிந்து, விலை உயர்ந்த குழாய்கூட அடைத்துக்கொள்ளும். அதனால் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீருக்கு ஒரு லைன், போர் தண்ணீருக்கு ஒரு லைன் என இரண்டு தனிக் குழாய்களைச் சிங்க் வரை கொண்டுவருவதே இங்கே நடைமுறை. குடிநீர் வடிகட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு மூன்றாவது முனையும், அதன் கழிவு நீர் போக வழியும், பக்கத்திலேயே ஒரு பிளக்கும் வேண்டும். இவை எல்லாம் சுவர் திறந்திருக்கும்போது சிறு செலவு. டைல்ஸ் ஒட்டிய பிறகு பெரும் செலவு.

சிங்க்கின் கழிவுக் குழாய் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதன் ஓட்டத்துக்குச் சரிவு போதாவிட்டால் சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் தேங்கிவிடும். சிங்க்கை வேறு சுவருக்கு மாற்றும் ஆசை இருந்தால், கழிவு நீர் வெளியேறும் இடம் எவ்வளவு தூரம் என்பதை முதலில் பாருங்கள். சிங்க் இருந்த இடத்திலேயே இருப்பதுதான் பல வீடுகளில் மிகப் பெரிய சிக்கனம். சிங்க்கை வாங்கும்போது 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள்.

கூலியை நாள் கணக்கில் கொடுப்பதா, காண்ட்ராக்டாக விடுவதா?

வேலையின் தன்மையைப் பொறுத்து இரண்டையும் கலந்துகொள்வது நல்லது. இடிப்பதும் பழைய பூச்சைக் கொத்திவிடுவதும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அதற்கு நாள் கூலி பொருந்தும். டைல்ஸ் ஒட்டுவது, கிரானைட் போடுவது, மர வேலை, பெயின்ட் ஆகியவை அளந்து பார்க்கக்கூடியவை. அவற்றைச் சதுர அடிக் கணக்கில் லேபர் காண்ட்ராக்டாக விடலாம்.

நாள் கூலியைக் கணக்கிடும்போது கொத்தனாரின் கூலியை மட்டும் எண்ணிவிட்டு உதவியாட்களை மறந்துவிடுகிறோம். கொத்தனாருக்கு 1,100 ரூபாய், சித்தாள் இருவருக்குத் தலா 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 2,500 ஆகிறது. பத்து நாள் வேலை 25,000. டீ, வடை, ஆட்கள் வந்துபோகும் செலவு ஆகியவை யாருடையவை என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நாகரிகமானது. உடலுழைப்பால் பிழைப்பவர்களிடம் கூலியில் பேரம் பேசி ஐம்பது ரூபாயைக் குறைப்பதைவிட, பொருள் வராமல் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நாள்களைக் குறைப்பதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது. டைல்ஸும் ஒட்டும் பசையும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே டைல்ஸ் போடுபவரை வரச் சொல்லுங்கள்.

பொருளோடு சேர்த்து மொத்தமாக ஒருவரிடமே ஒப்படைப்பதில் அலைச்சல் குறைவு. ஆனால் எந்தக் கம்பெனி வயர், எந்தத் தர பிளைவுட், என்ன விலை வரையிலான டைல்ஸ் என்று ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றாக எழுதாவிட்டால், நல்ல பொருள் என்ற சொல்லுக்கு இருவரும் இருவேறு பொருள் கொள்வீர்கள்.

அலமாரிக்குப் பிளைவுட், அலுமினியம், பிவிசி ஆகியவற்றில் எது சிக்கனம்?

வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் ஒரு பதிலும், எத்தனை ஆண்டு நிற்கும் என்று பார்த்தால் வேறொரு பதிலும் வரும். பிளைவுட்டில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் வகை தண்ணீரைத் தாங்கும். ஐஎஸ் 303 முத்திரையில் பிடபிள்யூஆர் (கொதிநீரைத் தாங்குவது), எம்ஆர் (காற்றின் ஈரத்தை மட்டும் தாங்குவது) என்ற இரண்டு வகைகள் உண்டு, அவற்றுள் எம்ஆர் வகை சமையலறைக்கு உகந்ததல்ல. எல்லாவற்றையும் மரைன் வகையில் செய்யப் பணம் இல்லாவிட்டால், சிங்க்குக்குக் கீழும் தரையை ஒட்டியும் வரும் பகுதிகளை மட்டும் அதில் செய்துவிட்டு, மேல் அலமாரியை பிடபிள்யூஆர் வகையில் செய்யலாம். உட்கூட்டுக்கு 18 மி.மீ. தடிமனைக் கேளுங்கள். எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஒன்று 32 சதுர அடி என்பதால், ஆசாரி கேட்கும் ஷீட்டுகளின் எண்ணிக்கையை நீங்களே சரிபார்க்க முடியும்.

கரையான் தொல்லை உள்ள தரைத்தள வீடுகளுக்கு அலுமினியச் சட்டக அலமாரி நல்ல தேர்வு. தோற்றத்தில் மர வேலைக்கு ஈடாகாது என்றாலும் பராமரிப்புச் செலவு மிகக் குறைவு. பிவிசி பலகை தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் அடுப்பின் சூட்டுக்கு அருகில் நெளியும், அரிசி டின்னின் கனத்தில் தொய்யும். சிங்க்குக்கு அடியில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கிரானைட்டை எங்கே, எப்படி வாங்குவது?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் கிரானைட் வெட்டியெடுக்கப்படுவது நமக்கு ஒரு வசதி. வண்டி வாடகை குறைகிறது. கல்லை நேரில் பார்த்து, நனைத்துப் பார்த்து, விரிசல் இல்லாததை உறுதி செய்து வாங்குங்கள். விலை பேசும்போது கல்லின் விலையோடு, விளிம்பை உருட்டும் மோல்டிங், சிங்க் கட்டிங், அடுப்பு கட்டிங், ஏற்றி இறக்கும் கூலி ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். பலருடைய பட்ஜெட் இந்த நான்கில்தான் வழிதவறுகிறது. மேடையின் உயரத்தை வீட்டில் அதிகம் சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். 32 முதல் 34 அங்குலம் பெரும்பாலானோருக்கு ஒத்துவரும்.

வயரிங்கும் கேஸும்?

கிரைண்டர், மிக்ஸி, ஃபிரிட்ஜ், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் ஒரே லைனில் ஓடும் பழைய வயரிங்கை அப்படியே விட்டுவிட்டு மேலே டைல்ஸ் ஒட்டுவது ஆபத்து. 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். கனமான சாதனங்களுக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயரில் தனி சர்க்யூட்டும், விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. வயரும், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டித்து உயிர்காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் கட்டாயம் கணக்கில் இருக்க வேண்டும். சுவரில் காடி (வயர்க் குழாய்க்கான பள்ளம்) வெட்டிக் குழாய் பதித்ததும், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவுகோலோடு கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், அடுப்பின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அலமாரியின் கதவில் அடிப்பக்கம் காற்றுத் துளைகள் விடச் சொல்லுங்கள். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால், மேடைக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் அதை மறைத்துவிடாதீர்கள்.

ஏற்காட்டில் உள்ள வீட்டுக்கு இதே கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொருள் ஏற வேண்டும். டைல்ஸ், கிரானைட், சிமென்ட் எல்லாவற்றுக்கும் வண்டி வாடகை தனி வரியாகவே பட்ஜெட்டில் நிற்கும். ஒரு பெட்டி டைல்ஸ் குறைந்தது என்று மறுபடி கீழே வண்டி அனுப்பினால் அந்தப் பெட்டியின் விலையைவிட வாடகை அதிகமாகிவிடும். ஆகவே மலைக்குச் சேதாரத்தைப் பதினைந்து சதவீதமாகக் கணக்கிட்டு ஒரே நடையில் ஏற்றிவிடுங்கள். டைல்ஸ் போடுபவரையும் ஆசாரியையும் சேலத்திலிருந்து அழைத்துவந்தால் அவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் உங்கள் செலவு. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் உள்ளூர் உதவியாட்கள் எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூடுபனியும் ஈரமும் மரத்தை உப்பச் செய்யும், அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். அங்கே மரைன் பிளைவுட்டை எல்லா இடத்திலும் போடுவதும், பலகைகளின் விளிம்புகளை நான்கு பக்கமும் மூடுவதும், சுவருக்கும் அலமாரிக்கும் இடையே சிறிது இடைவெளி விடுவதும் வீண் செலவாகாது. சிமென்ட் பூச்சு குளிரில் மெதுவாகத்தான் இறுகும், காயவும் கூடுதல் நாள் பிடிக்கும். ஈரம் காயாமல் அலமாரியைப் பொருத்தக் கூடாது. கருங்கல் சுவர் கொண்ட பழைய பங்களாக்களில் காடி வெட்டுவது மிகக் கடினம். வயரிங்கைச் சுவருக்கு வெளியே குழாயில் கொண்டுசெல்வது கூலியை நன்றாகக் குறைக்கும்.

சுவரை வெளியே தள்ளிப் பெரிதாக்க நினைத்தால், மலைப்பகுதியின் கட்டுமான விதிகள் சமவெளியைவிடக் கடுமையானவை என்பதால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்ட பிறகே கையை வையுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

சேலத்தில் பொங்கல் கழிந்து தை கடைசியில் தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பது வசதி. வெயில் இருப்பதால் பூச்சும் பெயின்டும் விரைவில் காயும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் பெயின்டர் கிடைப்பது கடினம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவையொட்டி ஊரே விழாக்கோலம் பூண்டிருக்கும். ஆட்கள் தொடர்ச்சியாக வரமாட்டார்கள். ஆனால் ஆடியில் புதிய வேலை தொடங்குவோர் குறைவு என்பதால் அதைப் பொருட்படுத்தாதவர்களுக்கு ஆசாரியும் கடைக்காரரும் நிதானமாகப் பேசக் கிடைப்பார்கள். ஏற்காட்டுக்கு மழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து பாதிக்கப்பட்டது.

செவ்வாய்ப்பேட்டையில் தாத்தா காலத்து வீடு. மேல் அலமாரி மாட்டலாமா?

சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டிய சுவரில் போல்ட் உறுதியாகப் பிடிக்காது. ஒரு பொறியாளரை அழைத்துச் சுவரைக் காட்டுங்கள். அவருடைய கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதிதான். சுவர் தாங்காது என்றால் தரையில் நிற்கும் உயரமான அலமாரி செய்துகொள்ளலாம். கழற்றிய தேக்கு நிலை, கதவு, கடப்பா பலகைகளைக் குப்பையோடு அனுப்பிவிடாதீர்கள். தேக்குக்கு நல்ல விலை உண்டு. கடப்பாவைத் துவைக்கும் கல்லாகவோ கொல்லைப்புற மேடையாகவோ போடலாம்.

வேலை நடக்கும் நாள்களில் சமையலுக்கு என்ன செய்வது?

நான்கு முதல் ஆறு வாரம் சமையலறை இருக்காது. ஓட்டல் சாப்பாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள், திடுக்கிடுவீர்கள். வராந்தாவிலோ கொல்லையிலோ ஓர் அடுப்பும் தண்ணீர்க் குழாயும் தற்காலிகமாக அமைக்க ஆகும் சில ஆயிரங்களைப் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது தவிர்க்க முடியாதது.

வரி சேர்த்த விலையா என்று கேட்க வேண்டுமா?

கட்டாயம். கட்டுமான ஒப்பந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒரு லட்சம் என்று வாயால் சொன்ன மர வேலை, பில் வரும்போது 1,18,000 ஆகிவிடும். சிமென்ட்டின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய மதிப்பீட்டை வைத்திருப்பவர்கள் அதைத் திருத்தித் தரச் சொல்லலாம். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறோம் என்பார்கள். பில் இல்லாமல் பிளைவுட்டின் உத்தரவாதத்தைக் கேட்க முடியாது.

பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

முன்பணம் இருபது சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அதன்பின் இடிப்பும் பூச்சும் முடிந்ததும் ஒரு பகுதி, குழாயும் வயரிங்கும் சோதிக்கப்பட்டதும் ஒரு பகுதி, டைல்ஸும் மேடையும் முடிந்ததும் ஒரு பகுதி, அலமாரி பொருத்தியதும் ஒரு பகுதி எனக் கொடுங்கள். இடையில் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கூடுதல் வேலைக்கும் அன்றே தொகையைப் பேசி, ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மனக்கசப்பு பெரும்பாலும் இந்தக் கூடுதல் வேலைகளில்தான் பிறக்கிறது.

கடைசிப் பத்து சதவீதத்தைப் புதிய சமையலறையில் இரண்டு வாரம் சமைத்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு அடியில் கசிகிறதா என்று பாருங்கள். கிரைண்டரையும் இண்டக்ஷனையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு இழுப்பறையிலும் பாத்திரத்தின் கனத்தை ஏற்றித் திறந்து மூடுங்கள். குறைகளைச் சரிசெய்து முடித்ததும், பில்களையும் சிம்னி, அடுப்பு ஆகியவற்றின் உத்தரவாத அட்டைகளையும் வாங்கிக்கொண்டு, மீதித் தொகையை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.